பாறை வளைந்ததைப் படிக்க: கடற்கரையா, மைக்ராஸ்கோப்பா, மணல்பெட்டியா, கணினியா?

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். எம்.எஸ்ஸி. ஜியாலஜி கடைசி வருடம் படிக்கிறாள். “சித்தி, புராஜெக்ட் தலைப்பு பாறை உருத்திரிபுன்னு முடிவாயிட்டு. எப்படிச் செய்யன்னுதான் தெரியல்ல. ஸார் நாலு வழி சொல்லியிருக்காரு. எதை எடுக்க?”

உருத்திரிபு என்றால் பாறை நெருக்கத்தில் வளைவதும் நீள்வதும் உடைவதும். அதைப் படிக்கிற நாலு வழி இவைதான். வெளியே போய்ப் பாறையை நேரில் அளப்பது. பாறையைச் சன்னமாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. கண்ணாடிப் பெட்டியில் மணலை நெருக்கி மடிப்பும் பிளவும் உண்டாக்கிப் பார்ப்பது. கணினியில் மாதிரி ஓட்டுவது. ஐந்தாவதாக ஒன்றை அவள் தோழி சொன்னாளாம்: சிவில் லேபில் கான்கிரீட் கட்டியைச் சோதிக்கும் பிரஸ்ஸில் கல்லை வைத்து நசுக்கலாமே என்று. கையில் இருப்பது டிசம்பர் முதல் மார்ச் வரை நாலு மாதம், கன்னியாகுமரி மாவட்டத்துத் திங்கள்நகரில் வீடு, பழைய லேப்டாப் ஒன்று. பணம் அதிகம் இல்லை.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். இதே குழப்பத்தில் நிற்கிற வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம்.

முதலில் கல்லைப் பார்

எந்த வழி நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. நம்மூர்க் கல்லுக்கு எந்த வழி நல்லது என்று கேட்டால் பதில் உண்டு. அதற்குக் கல்லின் சரித்திரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

கருப்பட்டி காய்ச்சும் வீட்டில் பார்த்திருப்பாய். அடுப்பில் இருக்கும் பாகு கரண்டியில் நூலாக இழையும். அதே பாகு சிரட்டையில் ஊற்றி ஆறிவிட்டால், தரையில் அடித்ததும் தெறிக்கும். ஒரே பொருள்தான், சூடுதான் வேறு. பாறைக்கும் இதே கணக்கு. கூடவே சுற்றியிருக்கும் அழுத்தமும், எவ்வளவு வேகமாக நெருக்குகிறோம் என்பதும் சேரும். பூமியின் மேலோட்டில் இறங்க இறங்கக் கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வீதம் சூடு ஏறுகிறது. மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வரை பாறை உடையும், உடைந்த இடத்தில் வழுக்கும். அதற்குக் கீழே போனால் குவார்ட்ஸ் என்ற கனிமம் 300 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். இன்னொரு கனிமமான ஃபெல்ஸ்பாருக்கு 450, 500 டிகிரி வேண்டும். இளகும் என்றால் உருகும் என்று அர்த்தமில்லை. திடமாக இருந்தபடியே, லட்சக்கணக்கான ஆண்டுகளில், பாறை வளைந்தும் நீண்டும் ஓடும்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பாறைகள் இந்த இரண்டாவது ரகம். சார்னோக்கைட் என்ற கருங்கல், சிவப்புக் கார்னெட் கனிமம் பதித்த நீஸ் என்ற வரிக்கல் என்று நாம் மிதித்து நடக்கிற கற்கள் எல்லாம் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், 800 டிகிரிக்கும் மேலான சூட்டில் வெந்தவை. அப்போது அவை தாங்கிய அழுத்தத்தை 6 கிலோபார் (காற்று நம்மை அழுத்துவதைப் போல் சுமார் ஆறாயிரம் மடங்கு) என்று வைத்துக்கொண்டால், தலைக்கு மேலே 20 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை இருந்திருக்க வேண்டும். அவ்வளவும் அரித்துப் போய், அடித்தளம் இன்று வெளியே தெரிகிறது. இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்டிகாவிலும் இதன் பங்காளிகள் கிடக்கிறார்கள். (சார்னோக்கைட் என்ற பெயர் கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேய வணிகரின் கல்லறைக் கல்லைப் பார்த்து 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்தது. அந்தக் கல்லும் நம் பல்லாவரம் பக்கத்துக் கல்தான். பெயர் மட்டும் அங்கே போய்விட்டது.)

ஆக, உன் கேள்வி ‘பாறை எப்படி உடைகிறது’ என்பது அல்ல, ‘பாறை எப்படி ஓடியது’ என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

பிரஸ்ஸும் மணல்பெட்டியும்

பிரஸ் விஷயம் சுருக்கமாக முடிந்துவிடும். அறைச் சூட்டில், பக்கவாட்டு அழுத்தம் எதுவும் இல்லாமல் சார்னோக்கைட்டை நசுக்கினால் அது டமார் என்று உடையும், அவ்வளவுதான். கட்டடக்காரருக்கு அந்த எண் வேண்டும், உனக்கு வேண்டாம். பாறையை ஓட வைக்க அடுப்பும் வேண்டும், நாலா பக்கமும் இறுக்கும் அழுத்தமும் வேண்டும். 1911-இலேயே தியோடர் ஃபான் கார்மன் பளிங்குக் கல்லைச் சுற்றிலும் அழுத்திக்கொண்டு நசுக்கி, அது உடையாமல் பீப்பாய் போலப் பிதுங்குவதைக் காட்டினார். பிறகு டேவிட் கிரிக்ஸ், மெர்வின் பேட்டர்சன் போன்றவர்கள் இதற்கென்றே கருவிகள் கட்டினார்கள். அதிலும் ஒரு சங்கடம் உண்டு. ஆய்வகத்தில் வினாடிக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேகத்தில் நெருக்கினால் ஒரு கல் தன் நீளமளவு உருமாறப் பன்னிரண்டு நாள் போதும். இயற்கை அதைவிடப் பத்துக் கோடி மடங்கு நிதானமாக வேலை செய்கிறது, அங்கே அதே மாற்றத்துக்கு முப்பது லட்சம் ஆண்டு ஆகும். நாலு மாத புராஜெக்டில் தொடுகிற காரியமா இது?

மணல்பெட்டி எனக்கு ரொம்பப் பிடித்தது. இரண்டடிக் கண்ணாடிப் பெட்டி, ஒரு பக்கச் சுவரைத் தள்ள ஒரு திருகு, சலித்துக் காயவைத்த மணல். அடுக்குக்கு அடுக்கு நிறம் மாற்றிப் போட்டு மெதுவாகத் தள்ளினால், பத்து நிமிடத்தில் கண்ணெதிரே ஒரு மலைத்தொடர் எழும். சாய்வான பிளவுகள் ஒன்றன் முன் ஒன்றாக முளைத்து வரும். 1815-இலேயே ஜேம்ஸ் ஹால் துணிகளை அடுக்கி இரு பக்கமும் நெருக்கி மடிப்பைக் காட்டியிருக்கிறார். 1937-இல் கிங் ஹப்பர்ட் அளவு விதிகளைக் கணக்காக எழுதிய பிறகுதான் இது விளையாட்டு நிலையிலிருந்து அறிவியலாயிற்று: பெட்டியில் ஒரு சென்டிமீட்டர் மணல், வெளியே சுமார் ஒரு கிலோமீட்டர் பாறைக்குச் சமம்.

செலவும் குறைவு. நிறத்துக்கு கோலப்பொடி போடலாம் என்று தோன்றும், போடாதே; அது மாவாக இருப்பதால் ஒட்டிக்கொண்டு மணலின் குணத்தையே மாற்றிவிடும். மணலையே சாயத்தில் முக்கிக் காயவைப்பதுதான் சரி. பக்கத்தில்தானே என்று மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை அள்ளிக்கொண்டு போய்விடாதே. இல்மனைட்டும் கார்னெட்டும் மோனசைட்டும் கலந்த மணல் அது. அதை எடுக்கச் சட்டம் கேள்வி கேட்கும்.

ஆனால் காய்ந்த மணல் உடையும் பாறைக்குத்தான் பிரதிநிதி. மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டரின் கதையை அது அழகாகச் சொல்லும். இமயமலையின் அடிவாரத்தைப் படிப்பவளாக இருந்தால் இதையே எடு என்பேன். உன் கல் அதற்கும் கீழே வெந்த கல். ஓடும் பாறைக்கு மணலுக்கு அடியில் சிலிக்கோன் பசை போட வேண்டும், அது விலை. தேனையோ பாகையோ வைத்துச் செய்யலாம்தான், ஆனால் காலையில் ஒரு கெட்டி, மத்தியான வெயிலில் ஒரு கெட்டி. கல்லூரித் திறந்த நாளுக்குச் செய். மார்க் வாங்குகிற புராஜெக்டுக்கு வேண்டாம்.

கணினி

ஆஸ்பெக்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. சூடு, அழுத்தம், பாறையின் இளகும் விதி எல்லாவற்றையும் கொடுத்தால் கோடி ஆண்டு ஓட்டத்தை ஓர் இரவில் காட்டிவிடும். மற்ற எந்த வழியும் தராத ஒன்றை இது தரும்: காலத்தை. ஆனால் அந்த இளகும் விதியில் சூடு அடுக்குக்குறியில் உட்கார்ந்திருக்கிறது. 50 டிகிரி தவறாகக் கொடுத்தாலும் பாறையின் கெட்டித்தன்மை பல மடங்கு மாறிவிடும். பாறையையே பார்க்காத ஆள் எந்த எண்ணைக் கொடுப்பாள்? ஏதோ ஒரு கட்டுரையிலிருந்து எடுத்துப் போடுவாள், அழகான வண்ணப்படம் வரும், வைவாவில் “இந்த எண் ஏன்?” என்ற ஒரே கேள்வியில் படம் கவிழும். அதுபோக, மென்பொருளை நிறுவவே உன் லேப்டாப்போடு மூன்று வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பி.எச்.டி.க்குப் போனால் அப்போது படி.

மைக்ராஸ்கோப்: இங்கேதான் நான் ஏமாந்தேன்

பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டினால் வெளிச்சம் ஊடுருவும். துருவப்படுத்திய வெளிச்சத்தில் அதைச் சுழற்றிப் பார்ப்பது ஒரு சுகம்தான். குவார்ட்ஸ் சாம்பலும் வெள்ளையுமாக மாறி மாறி மின்னும், கார்னெட் எத்தனை சுழற்றினாலும் கறுப்பாகவே இருக்கும். அழுத்தம் வாங்கிய குவார்ட்ஸ் மணி (கல்லில் இருக்கும் தனித் துகள்) ஒரே நேரத்தில் இருளாமல், திரைச்சீலையில் நிழல் ஓடுவது போல அலையலையாக இருளும். அதன் உள்ளேயே சிறு சிறு அறைகள் தெரியும். உருத்திரிபுப் பாடத்தில் வரும் அழகான படங்கள் எல்லாம் இவைதான்.

நானும் அந்தப் படங்களில் மயங்கித்தான் என் படிப்புக் காலத்தில் பன்னிரண்டு துண்டு வெட்டக் கொடுத்தேன். வந்ததைப் பார்த்தால் ஏமாற்றம். மணிகள் எல்லாம் தேன்கூடு போல ஒழுங்காக, நேர் விளிம்புகளோடு, மூன்று மூன்றாகச் சந்தித்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. இழுபட்டதற்கும் நசுங்கியதற்கும் ஒரு தடயமும் இல்லை. காரணம் பிறகுதான் உறைத்தது. 800 டிகிரியில் நெடுங்காலம் கிடந்த கல் தன் காயங்களைத் தானே ஆற்றிக்கொள்ளும். நெருக்கடி நின்ற பிறகும் சூடு இருந்தால் மணிகள் திரும்ப வளர்ந்து, முந்தைய அலங்கோலத்தை அழித்துவிடும். வடக்கே அச்சன்கோவில் ஷியர் ஸோன் போன்ற இடங்களில், சூடு இறங்கிய பிறகும் பாறைகள் உரசிக்கொண்ட பகுதிகள் கிடைத்தால் மைக்ராஸ்கோப் நிறையப் பேசும். நாகர்கோவிலைச் சுற்றிய கெட்டிச் சார்னோக்கைட்டில் அது பெரும்பாலும் வாய் திறக்காது.

இன்னொன்று. அந்தப் பன்னிரண்டில் ஐந்தில் திசை அம்புக்குறி இல்லை. கல்லின் மேல் வரைந்து கொடுத்திருந்தேன். வெட்டிய இடத்தில் குறியிருந்த பக்கத்தை அறுத்துத் தள்ளிவிட்டார்கள், நானும் எல்லாப் பக்கத்திலும் வரைந்து வைக்கவில்லை. எந்தப் பக்கம் வடக்கு, எந்தப் பக்கம் மேலே என்று தெரியாத சீவல் உருத்திரிபுக்கு உதவாது. கனிமத்தின் பெயர் சொல்ல மட்டும் உதவும்.

கடைசியில் கரை

இப்போது வெளியே போவோம். மயிலாடியில் சிலை அடிக்கும் பெரியவர் ஒருவர் ஒருமுறை எனக்குக் கல்லைத் தட்டிக் காட்டினார். உளியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு, காதை வைத்துக் கேட்டார். பிறகு கல்லின் மேல் தண்ணீர் தெளித்தார். காய்ந்தபோது ஒரே கறுப்பாக இருந்த கல்லில், ஈரம் பட்டதும் மெல்லிய வரிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவது தெரிந்தது. “இந்த வரி மூக்குக்குக் குறுக்கே வந்தா மூக்கு நிக்காது மக்களே” என்றார். கனிமங்கள் நெருக்கப்பட்டு ஒரே திசையில் படுத்துக்கொண்ட அந்த வரியைத்தான் நாம் ஃபோலியேஷன் என்று பெரிய பெயர் வைத்துப் படிக்கிறோம். பாறை எந்தப் பக்கமிருந்து நெருக்கப்பட்டது என்பதன் முதல் சாட்சி அது. மணிகள் ஆறிப்போனாலும் வரி அழிவதில்லை, மடிப்பு அழிவதில்லை. மைக்ராஸ்கோப்பில் காணாமல் போனது கையகல, ஆளுயர அளவில் அப்படியே இருக்கிறது. நான் களத்துக்கு ஓட்டுப் போடுவதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், எண் கிடைக்கும். நீஸுக்குள் வெள்ளையாக ஓடும் பெக்மடைட் நரம்புகளைத் தேடு. நரம்பு கெட்டி, சுற்றியிருக்கும் பாறை கொஞ்சம் இளக்கம் என்றால், நெருக்கும்போது நரம்பு பாம்பு போல மடியும். இழுக்கும்போது துண்டு துண்டாக அறுந்து, கயிற்றில் கோத்த தலையணை மாதிரி வரிசையாக நிற்கும். இதற்கு பூடினாஜ் என்று பெயர். பெல்ஜியத்துக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன்பு தங்கள் ஊர் சாசேஜ் மாலையைப் பார்த்து வைத்தது. நமக்கென்றால் முறுக்கிக் கட்டிய பூச்சரம் ஞாபகம் வரலாம்.

அளப்பது எளிது. மடிந்த நரம்பின் மேல் ஒரு நூலை வளைவுக்கு வளைவு ஒட்டி வைத்து நீளம் எடு. 84 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். அதே நரம்பின் இரு முனைகளுக்கும் நேர்கோட்டுத் தூரம் 56. அப்படியானால் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருக்கிறது. அறுந்த நரம்பென்றால் துண்டுகளின் நீளத்தைக் கூட்டு, 46 என்று வைப்போம். முதல் துண்டின் தொடக்கம் முதல் கடைசித் துண்டின் முடிவு வரை 69. ஒன்றரை மடங்கு நீண்டிருக்கிறது. ஒரே பாறையில் ஒரு திசையில் மடிந்த நரம்பும் வேறு திசையில் அறுந்த நரம்பும் கிடைத்தால், எந்தப் பக்கம் நெருங்கி எந்தப் பக்கம் நீண்டது என்று உன் நோட்டிலேயே தெரிந்துவிடும். ஒரு நூல்கண்டும் டேப்பும் போதும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கார்னெட் மணிகள் பாறையில் புள்ளி புள்ளியாகச் சிவப்பாகத் தெரிவதால், ஃப்ரை முறையில் அவற்றின் இடைவெளியை வைத்தே உருத்திரிபைக் கணக்கிடலாம் என்று ஆசை வரும். 1979-இல் நார்மன் ஃப்ரை சொன்ன முறை அது: டிரேசிங் தாளில் மணிகளின் மையங்களைக் குறித்து, தாளை ஒவ்வொரு மையமாக நகர்த்தி நகர்த்தி மற்றவற்றைப் பதிந்தால், நடுவில் ஒரு வெற்று நீள்வட்டம் விழும். நல்ல முறைதான். ஆனால் நெருக்கடிக்கு முன்பே இருந்த மணிகளுக்குத்தான் அது பொருந்தும். நம்மூர்க் கார்னெட் சூட்டில் பிறந்த பிள்ளை. பாதிக் கூத்து முடிந்த பிறகு வந்தவனிடம் முழுக் கூத்தைக் கேட்டால் என்ன சொல்வான்?

எந்த இடம்?

சிதறாலுக்குப் போகாதே என்று சொல்ல மனம் வரவில்லை, போய்ப் பார். சமணச் சிற்பங்கள் இருக்கும் பாதுகாக்கப்பட்ட இடம், சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. மருத்துவாழ்மலை போன்ற குன்றுகளில் வெளிப்புறம் பாசியும் கருமையும் பிடித்து வரி தெரியாது. அங்கே வெங்காயத் தோல் போலப் பாளம் பாளமாகப் பெயரும் விரிசல்களைப் பார்த்து மலைநெருக்கம் என்று எழுதிவிடாதே. மேலிருந்த சுமை போனதால் கல் மூச்சு விட்டுப் பிளந்தது அது. பாறமடையில் (கல் குவாரியில்) மூன்று பக்கமும் புது முகம் கிடைக்கும், ஆனால் அனுமதி வேண்டும், வெடி நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும், தலைக்கு மேலே தொங்கும் கல்லைக் கவனிக்க வேண்டும். தெரிந்தவர் துணையோடு ஒரு நாள் மட்டும் போ. செயற்கைக்கோள் படத்தில் கோடு தேடுவது நம் மாவட்டத்தில் பலன் குறைவு. தென்னையும் ரப்பரும் மூடிய நிலத்தில் நீ கண்டுபிடிக்கும் பாதிக் கோடு தோட்ட எல்லையாக இருக்கும்.

மிச்சம் கடற்கரை. முட்டம், கன்னியாகுமரி போல அலை கழுவிய பாறைகள் உள்ள கரை. உப்புத் தண்ணீர் தினமும் தேய்த்து வைத்திருப்பதால் மயிலாடிப் பெரியவர் தெளித்த தண்ணீர் இங்கே இலவசம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டும் வாங்குகிற மாவட்டம் இது. ஜனவரியும் பிப்ரவரியும்தான் உன் நாட்கள். ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் பெரிதாகத் திட்டமிட வேண்டாம், ஆனால் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கும் நாளில் கரைப்பக்கமே போகாதே. காற்றே இல்லாத நாளில் தூரத்துப் புயலின் அலை வந்து இழுக்கும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் உயிரிழந்தது உனக்குத் தெரியும். தனியாகப் போகாதே, அலைக்கு முதுகு காட்டி அளக்காதே.

காம்பஸைப் பாறை மேல் நேரடியாக வைக்காதே. சார்னோக்கைட்டில் மேக்னடைட் இருக்கும், முள் இழுபடும். நோட்டை வைத்து அதன் மேல் வை, கொஞ்சம் தள்ளி நின்று இன்னொரு முறை பார்த்துச் சரிபார். போன் செயலியிலேயே ஸ்டிரைக் (வரி ஓடும் திசை), டிப் (அது சாயும் கோணம்) இரண்டும் எடுக்கலாம், ஆனால் காந்தம் வைத்த உறையைக் கழற்றிவிடு. முதல் நாள் முழுக்க இரண்டிலும் எடுத்து ஒப்பிட்ட பிறகு நம்பு.

சரி, என் முடிவு: முக்கால் பங்கு களம். எண்பது, நூறு இடத்தில் வரியின் சாய்வு, கிடைக்கிற அத்தனை நரம்பிலும் நூல் அளவு. கால் பங்கு மைக்ராஸ்கோப், அதுவும் ஐந்தே சீவல், மணிகள் ஆறிப்போயிருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக மட்டும். ஆறியிருந்தால் ஏமாற்றம் என்று எழுதாதே. நெருக்கடி நின்ற பிறகும் சூடு இருந்தது என்று எழுது. அதுவே ஒரு கண்டுபிடிப்புதான். எனக்கு அதை அன்று சொல்ல ஆள் இல்லை. அம்புக்குறியை ஆறு பக்கமும் போடு.

இதில் பாதியைப் போனிலும் சொல்லியிருந்தேன். நேற்று முட்டத்துக்குப் போய் வந்திருக்கிறாள். வாட்ஸ்அப்பில் பதினோரு படம், ஒன்றில் அருமையாக மடிந்த வெள்ளை நரம்பு. எதிலும் பக்கத்தில் அளவுக்கு ஒன்றும் வைக்கவில்லை. மடிப்பு விரலளவா ஆளளவா என்று எனக்குப் புரியவில்லை. “ஒரு ரூபாய் நாணயம் வச்சு மறுபடி எடு மக்களே” என்று பதில் போட்டேன். “திரும்ப முட்டம் போணுமா?” என்று கேட்டிருக்கிறாள்.